மூணு விரற்கடைப் படிப்பு

ஓரகத்தி கலியம்மாள் மகனின் கல்யாணப் பத்திரிகையில், மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் இருந்த படிப்பை மட்டும் ரத்தினம்மாள் நகத்தால் சுரண்டிவிட்டாளாம். யாரோ சொன்னதாக, பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் என்னிடம் சொன்னார்.

அது பொய். குன்னத்தில் அவள் வீட்டு வாசல் நிலைக்கு மேல் அந்தப் பத்திரிகை முழுசாகச் செருகியிருக்கிறது. வெங்காயம் ஆய்ந்துகொண்டிருப்பவள் சட்டென்று எழுந்து அதை எடுப்பாள். ‘பி.ஏ. ஆனர்ஸ்’ என்ற எழுத்தின் மேல் விரல்களைப் பதித்து அளப்பாள்.

“பாருங்க தம்பி, கலியம்மா மவன் பேரு ரெண்டு வெரக்கட. படிப்பு மூணு வெரக்கட!”

புருஷன் போனபின் பருத்திக் கொல்லையைத் தானே பார்க்கிறாள். கலியம்மாள் கொல்லையில் ஏர் இறங்குமுன் தன் ஏர் இறங்கிவிட வேண்டும். கலியம்மாள் சிவப்புக்கல் மூக்குத்தி போட்ட வாரமே இவளும் போட்டாள், மூக்கு புண்ணாகியிருந்தும்.

மகன் செல்லப்பன் இன்டர்மீடியட் தேறி, பி.ஏ. சேரத் திருச்சிக்குப் போயிருக்கிறான். அவனுக்குச் சாதாரண பி.ஏ.தான் பிரியம். “ஆனர்ஸ் இல்லாம வூட்டுக்கு வராத” என்று இவள் சொல்லி அனுப்பிவிட்டாள். விடுமுறைக்கு ஊர் வந்து, கொழும்பு வேலைக்குத் திரும்ப அனுமதி வருமோ வராதோ என்று தவித்துக்கொண்டிருந்த என்னிடம் பிறகுதான் விளக்கம் கேட்டாள். சாதாரணப் படிப்பு இரண்டு வருஷம், தோற்றால் மறுபடி எழுதலாம். ஆனர்ஸ் மூன்று வருஷம், பரீட்சை ஒரே தடவை என்றேன்.

“தவறுனா?”

“அவ்வளவுதான்.”

வெங்காயத்தில் கை நின்றது. “பரிச்சன்னாலே காச்சல் கண்டு படுக்கிற பயலாச்சே…”

கல்லூரியில் பேர் கொடுக்க மறுநாள் கடைசி. விடிந்ததும் என்னையும் இழுத்துக்கொண்டு அரியலூருக்குப் பஸ் ஏறினாள். பருத்தி மண்டி பஞ்சநாதனிடம் டெலிபோன் உண்டு. அவர் செல்லப்பன் தங்கியிருந்த திருச்சி விடுதிக்கு டிரங்க் கால் போட்டு, ரிசீவரை அவளிடம் நீட்டினார். “மணி அடிக்குதுங்க. இன்னும் யாரும் எடுக்கல.”

“சாதாரணப் படிப்பே போதும்டான்னு சொல்லிப்புடறேன் தம்பி. புள்ள நல்லா இருந்தா சரி.”

அப்போது, பருத்தி எடை போட வந்த கலியம்மாள் வாசலில் நின்றாள். “என்னடி ரத்தினம், மவன் எதுல சேர்றான்? எங்க பய படிச்சதெல்லாம் எல்லாப் புள்ளைக்கும் ஏறாதுடி.”

ரத்தினம்மாள் ரிசீவருக்குள் இரைந்தாள்: “ஆமாண்டா செல்லப்பா! ஆனர்ஸேதான்! என்னது, வாத்தியாரே ஒன்னச் சேரச் சொன்னாரா?”

மறுமுனையில் மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. அது வெளியே கேட்டுவிடாதபடி, அவள் ரிசீவரைக் காதோடு இறுக்கி அழுத்திக்கொண்டாள்.