குழந்தைக்குப் பிசைந்த சாதம்

போன வருடம் ஆடி மாதம், திண்டிவனத்தில் எங்கள் வாடகை வீட்டில் தொடங்கியது இது. மகளுக்கு அப்போது பத்து மாதம். பருப்பும் நெய்யும் விட்டுக் காரமில்லாமல் குழையப் பிசைந்த சாதம்தான் அவளுக்கு. லோடு வண்டி ஓட்டும் என் கணவர், மதியம் வந்தால் அந்தக் கிண்ணத்தில் மிச்சம் இருப்பதையே சாப்பிடுவார். குழம்பு வேண்டாம் என்பார். மகள்மேல் அவ்வளவு பாசம் என்று நினைத்து, அவருக்கும் சேர்த்தே குழைய வடித்தேன். வாய் எரிகிறது என்று ஒருமுறை சொன்னார். உடம்புச் சூடாக இருக்கும் என்று மணத்தக்காளிக் கீரை சமைத்தேன். வண்டியில் பாக்குப் பொட்டலம் இருப்பது எனக்குத் தெரியும். தூக்கம் வராமலிருக்கத்தானே என்று விட்டுவிட்டேன்.

தை மாதம் மயிலத்தில் மகளுக்கு மொட்டை போட்டுவிட்டுத் திரும்பும்போது, கூட்டேரிப்பட்டில் டீ குடிக்க நின்றோம். அவர் வடையைத் துளித்துளியாகப் பிட்டுப் பல்லிடுக்கில் தள்ளிக்கொண்டிருந்தார்.

"இன்னாண்ணே, எலி மாரி கொறிச்சிக்கினு இருக்கீங்க? வட அவ்ளோ கல்லாவா இருக்குது?" என்றார் கடைக்காரர். இவரும் சிரித்தார். அப்போதுதான் கவனித்தேன், சிரிக்கும்போதுகூட அவர் வாய் திறக்கவில்லை.

மறுநாளே விழுப்புரத்தில் ஒரு பல் மருத்துவரிடம் போனோம். கத்தி வைக்காமல் வாய் நோய்களுக்கு மருந்து தருபவர் அவர். மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வாயில் வைக்கச் சொன்னார். ஒரு விரல்தான் நுழைந்தது. உள்கன்னம் வெளுத்து, பட்டை பட்டையாக இறுகியிருந்தது. பாக்கினால் வருவது, புற்றாகவும் மாறலாம் என்றவர், என் பக்கம் திரும்பினார்.

"எத்தன மாசமாம்மா காரமில்லாம சாப்புடுறாரு?"

ஆறு மாதம் என்றேன். அவர் திட்டவில்லை, எழுதிக்கொண்டார்.

"அவ மேல தப்பில்ல டாக்டர்" என்றார் என் கணவர், தலையைக் குனிந்தபடி. "வாய் தொறக்கலன்னு தெரியக்கூடாதுன்னுதான் கொழந்த சோத்தத் துன்னுக்கினு இருந்தேன்."

கன்னத்திலிருந்து துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பத்து நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. புற்று இல்லை, இப்போதைக்கு. ஆனால் இறுகியது முழுதாக இளகாது, ஆயுளுக்கும் கண்காணிக்க வேண்டும் என்றார் டாக்டர். வாரம் ஒருமுறை கன்னத்தில் ஊசி. வாய் அகலத் திறக்க, தினமும் ஐஸ்கிரீம் குச்சிகளைப் பற்களுக்கிடையே ஒவ்வொன்றாகச் செருகிப் பயிற்சி செய்கிறார், கண்ணில் நீர் வழிய. பாக்கை விட்டுவிட்டேன் என்கிறார். ஆனாலும் அவர் குளிக்கும்போது வண்டியில் பொட்டலம் இருக்கிறதா என்று தேடுகிறேன். அது எனக்கே பிடிக்கவில்லை.

கேட்டதைக் கேள்வியில்லாமல் சமைத்துத் தருவதுதான் அக்கறை என்று நினைத்திருந்தேன்; "ஏன்?" என்று அன்றே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இன்று எத்தனை குச்சி நுழைந்திருக்கும் என்று தினமும் எண்ணிப் பார்க்கிறேன்.