பெரிசுதான் திறமாம்

மாமா மான் வேட்டைக்குப் போகப்போகிறார் என்ற செய்தி ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டின்போது வெளியானது. அம்மா அகப்பையைக் கறிச்சட்டிக்குள் விட்டபடியே சிரித்தார். "கோழிக்கு மஞ்சள் பிரட்டேக்கையே முகத்தை மற்றப்பக்கம் திருப்புற ஆள். இவர் மான் சுடப் போறாராம்."

"நான் சுடப் போறேல்லை அக்கா. பாக்கிறது மட்டும்தான் என்ர வேலை," என்றார் மாமா.

அவர் அம்மாவின் தம்பி. கியூபெக்கில், லாசால் என்ற இடத்தில் எங்கள் அபார்ட்மென்டின் சின்ன அறையில் எங்களோடுதான் இருந்தார். இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அப்போது அவர் ஜன்னல் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தார். நவம்பர் வந்தால் அங்கே பாதிப் பேர் லீவு எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போய்விடுவார்கள். திரும்பி வந்தால் கிறிஸ்துமஸ் வரை அதே கதைதான். மாமா அந்தக் கதைகளுக்கு வெளியே நின்று கண்ணாடி வெட்டிக்கொண்டிருப்பார்.

அந்த வருடம், அவரோடு ஒரே மேசையில் வேலை செய்த கியூபெக்காரர் ஒருவர் "நீயும் வா" என்று கூப்பிட்டிருந்தார். பெரிய மீசை வைத்திருந்ததால் எங்கள் வீட்டில் அவருக்கு மீசைக்காரர் என்று பெயர். மாமா துவக்குத் தூக்கத் தேவையில்லை. மான்கள் எந்த வெளியில் மேய வருகின்றன, எந்தப் பக்கத்தால் திரும்பிப் போகின்றன என்று தூரத்தில் இருந்து பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும். அதற்கு அவர்கள் வைத்திருந்த தொலைநோக்கி முந்தைய வருடம் ஆற்றில் விழுந்துவிட்டது. "அதை நான் கொண்டு வாறன்," என்று மாமா சொல்லிவிட்டு வந்துவிட்டார். அது என்ன விலை போகும் என்று அவருக்கு அப்போது தெரியாது. தெரிந்த பிறகு இரண்டு நாட்கள் கடதாசியில் கணக்குப் போட்டார். கடைசியில், கையில் இருக்கும் காசுக்குள் நல்லதாக ஒன்றைத் தெரிவுசெய்வோம் என்று முடிவானது. அதற்குக் கடைக்காரரோடு விளக்கமாகப் பேச வேண்டும். பேச்சு என்றால் எங்கள் வீட்டில் நான்தான்.

எனக்குப் பதினொரு வயது. வீட்டுச் சொந்தக்காரரின் தொலைபேசி, என் தம்பி போகும் கார்டெரி என்ற குழந்தைக் காப்பகத்திலிருந்து வரும் கடிதம், பிரெஞ்சில் எது வந்தாலும் என் வழியாகவே உள்ளே வந்தது. அந்தப் பதவியை நான் கொஞ்சம் அதிகமாகவே அனுபவித்தேன். ஒருமுறை டெப்பனர் என்ற மூலைக்கடையில் பால் வாங்கும்போது மாமா பேசிய பிரெஞ்சைக் கேட்டு, அங்கேயே, எல்லோருக்கும் முன்னால் விழுந்து விழுந்து சிரித்தேன். அதன்பிறகு அவர் எனக்கு முன்னால் ஒரு பிரெஞ்சுச் சொல்லும் சொன்னதில்லை. அவருக்கு அந்த மொழி வராது என்று நானும் முடிவுகட்டிவிட்டேன்.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை வேட்டைச் சாமான் விற்கும் கடைக்கு இரண்டு பஸ் மாறிப் போனோம். வழியில் மாமா சொன்னார்: "வேட்டை முடிய உது உனக்குத்தான் பிள்ளை. பல்கனியிலை வைச்சு நிலாப் பார்."

கடை முழுக்கச் செம்மஞ்சள் மேலங்கிகளும் ரப்பர் மணமும். சுவரில் இருந்த மான் தலைகளை மாமா நிமிர்ந்து பார்க்கவில்லை. தன்னால் எவ்வளவு முடியும் என்பதை ஒரு துண்டில் எழுதி வைத்திருந்தார். அதை வாங்கிப் பார்த்த வயதான விற்பனையாளர் முகம் சுளிக்காமல் உள்ளே போய் இரண்டை எடுத்து வந்தார். இரண்டும் ஒரே விலை. ஒன்று குட்டையாக, பச்சை ரப்பர் உறை போட்டு, தண்ணீர்ப் போத்தல் போல இருந்தது. மற்றது நீளமானது. அதன் பெட்டியில் நிலாவின் படம் இருந்தது, குழிகளும் மேடுகளுமாக. எழுபத்தைந்து மடங்கு பெரிதாகத் தெரியும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். எனக்கு அந்தப் படத்திலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

விற்பனையாளர் மெதுவாக, நான் மொழிபெயர்ப்பதற்காக இடம் விட்டு விட்டுச் சொன்னார். இந்த விலையில் பெரிய எண்களை நம்பக் கூடாது. மான் வெளியே வருவது விடியலிலும் அந்தியிலும். வெளிச்சம் குறையும் நேரத்தில் இந்த நீளமானது இருண்டு போகும். காற்றடித்தால் காட்சி நடுங்கும். குட்டையானதில் கண்ணாடி நல்லது. உருவம் சிறிதாகத் தெரிந்தாலும் தெளிவாகத் தெரியும். "பொழுது சாயும்போது பார்த்தால்தான் வித்தியாசம் விளங்கும்," என்று கையைத் தாழ்த்திச் சூரியன் இறங்குவதைப் போலக் காட்டினார். பிறகு இரண்டையும் வாகனத் தரிப்பிடத்துக்குக் கொண்டுபோய் வைத்தார். நல்ல வெயில். நெடுஞ்சாலைக்கு அப்பால் இருந்த விளம்பரப் பலகை நீளமானதில் மூக்கில் இடிப்பது போல வந்து நின்றது.

"என்னவாம் பிள்ளை?" என்றார் மாமா.

"பெரிசுதான் திறமாம்."

மாமா குனிந்து மறுபடியும் இரண்டிலும் பார்த்தார். "பின்னேரத்தைப் பற்றியும் ஏதோ சொன்ன மாதிரிக் கிடக்கு."

கை காட்டியதைக் கவனித்திருக்கிறார் என்று நினைத்தேன். "பின்னேரத்துக்கும் இதுதான் நல்லதாம்."

"அப்பிடியோ சொன்னவர்?"

"ஓம்."

விற்பனையாளர் என்னிடம், அந்தி வெளிச்சத்தைப் பற்றிச் சொன்னாயா என்று கேட்டார். "வுய்," என்றேன். மாமா என் தலைக்கு மேலாக நெடுஞ்சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "சரி, பெரிசையே எடுப்பம்," என்றார்.

அந்த வாரமே நிலாவைப் பார்த்தேன். பள்ளிவிட்டு வந்து, இருட்டத் தொடங்கியதும், பல்கனியில். காற்றில் தாங்கியின் மெல்லிய கால்கள் ஆடின. மாமா முழந்தாளிட்டு அவற்றை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "தெரியுதோ? தெரியுதோ?" என்று கீழேயிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார். தெரிந்தது. பெட்டியில் இருந்த அளவுக்கு இல்லை. ஆனால் குழிகள் தெரிந்தன. நான் அவரைப் பார்க்க விடவில்லை. அவரும் கேட்கவில்லை.

அக்டோபரில், வேட்டை தொடங்குமுன் இடம் பார்க்க மாமாவும் மீசைக்காரரின் கூட்டமும் வடக்கே போனார்கள். மாமா ஒரு மேட்டில் அந்தி முழுவதும் தொலைநோக்கியோடு காத்திருந்து, எதிர்வெளியில் ஒன்றுமே இல்லை என்று சொல்லியிருக்கிறார். விடிந்து போய்ப் பார்த்தால் அந்த வெளியெங்கும் புதிய குளம்படிகள். நவம்பரில் அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள்தான். ஆனால் மேட்டில் இருத்தவில்லை, அடுப்படியில் விட்டார்கள். "என்ர மிளகாய்த்தூளுக்கு ஒருத்தன் அழுதே போனான்," என்று வந்து சிரித்துச் சிரித்துச் சொன்னார். அம்மாவும் சிரித்தார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

ஒரு கிழமை கழித்து மீசைக்காரர் எங்கள் பங்கு இறைச்சியைக் கடதாசியில் சுற்றிக் கொண்டுவந்தார். நான் நடையில் சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவர்கள் இருவரும் கதவடியில் நின்று பேசினார்கள், பிரெஞ்சில். மாமாவின் வாயிலிருந்து அது தடையில்லாமல், தொழிற்சாலையின் கரகரப்போடு வந்துகொண்டிருந்தது.

"அந்தக் குருட்டுக் குழாயை உன் தலையில் கட்டியவன் எவன்? போய் நாலு வார்த்தை கேட்க வேண்டும்," என்றார் மீசைக்காரர்.

"அவர் நல்ல மனிதர்," என்றார் மாமா. "குட்டையானதை எடு, பொழுது சாயும்போது மற்றது இருண்டுவிடும் என்று தெளிவாகத்தான் சொன்னார். நான்தான் பெரிய எண்ணைப் பார்த்து மயங்கினேன்."

என் கை சப்பாத்து நாடாவிலேயே நின்றுவிட்டது. மாமா திரும்பியபோது என்னைக் கண்டார். இறைச்சியைக் கொண்டுபோய்க் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தார்.

எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். எல்லாம் விளங்கிக்கொண்டு, நான் பொய் சொல்வதை நின்று பார்த்திருக்கிறார்! எப்போது அம்மாவிடம் சொல்லப் போகிறார் என்று நாளுக்கு நாள் காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. அதுவும் என்னைப் பயமுறுத்துவதற்குத்தான் என்று தோன்றியது. அவர் இருக்கும் அறையில் நான் இருப்பதில்லை.

முதல் பனி விழுந்த சனிக்கிழமை, மாமா ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு என் அறை வாசலில் வந்து நின்றார்.

"ஜான்-டலோன் சந்தைக்குப் போறன். அங்கை அவை கதைக்கிற பிரெஞ்சு எனக்கு விளங்காது. வாறியோ பிள்ளை?"

குத்திக்காட்டுகிறார், பழி வாங்குகிறார் என்றே அப்போது நினைத்தேன். புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல், "வீட்டுப்பாடம் கிடக்கு," என்றேன்.

அவர் உடனே போய்விடவில்லை. ஜாக்கெட்டின் சிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டார். பிறகு, "சரி, பேந்து பாப்பம்," என்று சொல்லிவிட்டுத் தனியாகப் படியிறங்கிப் போனார்.