டீ கலரில் ஒரு வெள்ளை கவுன்

போன சனிக்கிழமை எங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீருக்குப் பதில் டீ வந்தது. சர்க்கரை மட்டும்தான் இல்லை.

ராயபுரத்துக்காரர்களுக்கு இது புதிதல்ல. வாளியில் பிடித்து வைத்தால் அடியில் சேறு. ஷவரில் பாதி ஓட்டை அடைப்பு. வாஷிங் மெஷின் டியூபைக் கழற்றினால் வலை முழுக்கத் துரு மணல்... ஊசியும் கையுமாக உட்கார்ந்து குத்தியே என் லீவு நாளெல்லாம் போகிறது.

இதற்கு எங்கள் காம்பவுண்டில் ஒரு வைத்தியம் உண்டு. தண்ணீர் மெல்லிசாக வந்தால், மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் இரும்புப் பைப்பைக் கருங்கல்லால் நாலு தட்டு தட்டுவது. அழுக்கு உதிரும், தண்ணீர் வரும். உதிர்ந்த அழுக்கு எங்கே போகும்? கீழ் வீட்டுக்கு. கீழ் வீடு யாருடையது? – என்னுடையது.

மறுநாள் என் மகளுக்குப் புதுநன்மை. முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். வெள்ளை கவுன் தைத்து வந்தாயிற்று. டெய்லர் போட்ட நீலச் சாக்பீஸ் கோடு இடுப்பில் தெரிகிறதென்று, என் மனைவி ரோசி அதை வாளியில் போட்டுக் குழாயைத் திறந்தாள். அதே நேரம் பார்த்து மேல் வீட்டு டோமினிக் அண்ணன் கல்லை எடுத்தார்.

டங். டங். டங்.

ரோசி டீ கலராகிவிட்ட கவுனைத் தூக்கிக் காட்டினாள், அவ்வளவுதான். மகள் பாத்ரூம் வாசலிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

மேலே போய் நாலு வார்த்தை நறுக்கென்று கேளுங்கள் என்றாள் ரோசி. என் சுபாவம்தான் உங்களுக்குத் தெரியுமே. படியேறினேன், தொண்டையைக் கனைத்தேன்... "தண்ணி வருதாண்ணே?" என்று கேட்டேன்.

"சூப்பரா வருது நைனா. பைப்பத் தட்னேன்ல? உன் வூட்லயும் ஜோரா வந்துகினு இருக்குமே."

ஆமாம் என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன்.

எலுமிச்சம்பழம், சோப்பு, சொட்டு நீலம் – எதற்கும் கறை அசையவில்லை. தொட்டியைக் கழுவியிருந்தால் இந்தப் பேஜாரே கிடையாது. ஆனால் யார் கழுவுவது? ஹவுஸ் ஓனரைக் கேட்டால் குடியிருப்பவர்கள் வேலை என்கிறார். குடியிருப்பவர்களைக் கேட்டால், அதான் கல் இருக்கிறதே என்கிறார்கள்!

காலையில் மகள் கிளம்ப மறுத்தாள். "எல்லாம் வெள்ளையா வருவாங்க. நான் மட்டும் கலீஜா கீறேன்பா." கெஞ்சிக் கூத்தாடி அழைத்துப் போனோம்.

கோயில் வாசலில் பிள்ளைகள் வரிசையாக நின்றிருந்தார்கள். என் முதுகுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தவள், சட்டென்று கையை உதறிவிட்டு ஓடிப்போய் வரிசையில் நின்றுகொண்டாள். ஏன் என்கிறீர்களா? சாக்பீஸ் கோட்டைக் கழுவாத அம்மா யார் இருக்கிறார்? அத்தனை கவுனும் டீ கலர். ஒன்றில் பால் கொஞ்சம் தூக்கல், இன்னொன்றில் டிகாக்‌ஷன்.

ஒரே ஒரு பெண் மட்டும் பளிச்சென்ற வெள்ளையில். கேன் தண்ணீரில் துவைத்தார்களாம்.

பாவம், அது மட்டும் யூனிஃபார்ம் போடாமல் வந்த மாதிரி நின்றது.