கோலப்பொடியில் விடுபட்ட அறை

“ஏங்கண்ணு, நம்ம லைன் ஊட்டைப் பத்தி நமக்குத் தெரியாததையா உங்க காலேஜுல சொல்லிக் குடுக்கப் போறாங்க?”

மணியக்கா இப்படிக் கேட்டபோது நான் கழுத்தில் கல்லூரி அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு நின்றிருந்தேன். எங்கள் வீட்டு வாசலில், எங்கள் அம்மாவுக்கு முன்னால், யாரிடம் காட்ட அந்த அட்டை என்று இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஆனாலும் கழற்றியிருக்க மாட்டேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்து அடுத்த படியில் கால் வைத்த முதல் ஆள் நான்தான். அந்த அட்டையில் இருந்த என் புகைப்படம் மகா மோசம். அதைக்கூட எல்லோருக்கும் காட்டினேன்.

அது சில வருடங்களுக்கு முன்பு. போன வாரம் பேருந்தில் வந்துகொண்டிருந்தபோது ஜன்னல் வழியாக, பனியன் துணி வெளுக்கும் சலவைப் பட்டறையின் பிளீச்சிங் நெடி குப்பென்று ஏறியது. வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நானோ என்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். நான் இறங்க வேண்டிய இடம் அது இல்லை, இறங்கிவிட்டேன். எங்கள் லைன் வீடு இருந்த இடத்தில் ஒரு கிடங்கு நிற்கிறது. தகரக் கதவு, உள்ளே அட்டைப்பெட்டிகள், காவலுக்கு ஒரு நாய். பிளீச்சிங் நெடி மட்டும் அதே நெடி.

லைன் வீடு தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நீளமாக ஒரே கட்டடம். இடையிடையே சுவர் வைத்துத் தடுத்தால் ஆளுக்கு ஓர் அறை. பக்கத்து அறையில் தாளிப்பது கடுகா சீரகமா என்பது இந்தப் பக்கம் தெரியும். வாசலில் பொதுக்குழாய். தண்ணீர் வரும் நேரத்துக்குக் குடங்கள் வரிசையில் நிற்கும். எந்தக் குடத்துக்குப் பின் எந்தக் குடம் என்பது யாரும் எழுதி வைக்காத சட்டம். ஊராட்சி, நிர்வாகம், அதிகாரம் என்றெல்லாம் வகுப்பில் படித்தபோது எனக்கு முதலில் கண்முன் வந்தது அந்தக் குடவரிசைதான்.

அந்தச் சட்டத்தை நடத்தி வந்தவர் மணியக்கா. பனியன் கம்பெனியில் பவர்டேபிள் டெய்லர், அதாவது மோட்டார் தையல் மிஷினில் தைப்பவர். வேகமான கை, அதைவிட வேகமான வாய். விடுமுறைகளில் நான் அவரிடம் கைமடியாக வேலை பார்த்திருக்கிறேன். டெய்லர் தைத்துத் தள்ளுவதை வாங்கி, அடுத்த தையலுக்கு மடித்துக் கொடுப்பவர்தான் கைமடி. ஒரு பீஸ் தாமதமானாலும் “என்ன கலெக்டரம்மா, தூக்கங்களா?” என்பார்.

மூன்றாம் பருவத்தில் எங்கள் பேராசிரியை களப்பணி கொடுத்தார். ஒரு குடியிருப்பைத் தேர்ந்தெடுத்து, அங்கு வாழ்பவர்களையே தங்கள் இடத்தின் வரைபடத்தை வரையச் சொல்ல வேண்டும். நாம் கேட்கலாம், பார்க்கலாம், வரையக் கூடாது. எங்கே பெரிதாக வரைகிறார்கள், எங்கே சிறிதாக, எதை விட்டுவிடுகிறார்கள் என்பதெல்லாம் தகவல். அவர்கள் கைக்குப் பழகிய பொருளிலேயே வரையட்டும் என்றும் சொல்லியிருந்தார். சாக்பீஸ் வாங்கிய மற்ற மாணவிகளைப் பார்த்து உள்ளூரச் சிரித்துக்கொண்டே நான் கோலப்பொடி வாங்கினேன். பெண்கள் கைக்குக் கோலப்பொடியைவிடப் பழகியது எது? என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாசலைத் தெளித்துக் கூட்டிவிட்டு எல்லோரும் கூடினார்கள். முதலில் ஒரே வெட்கம். பிறகு யார் கையிலிருந்தும் பொடியைப் பிடுங்க முடியவில்லை. கம்பெனி பஸ் நிற்கும் இடத்தைப் பெரிதாக வரைந்தார்கள். பள்ளிக்கூடம் தீப்பெட்டி அளவில் வந்தது. மதுக்கடையை என் அம்மா கோயிலைவிடப் பெரிதாக வரைந்ததும், ஓரமாக நின்ற என் அப்பா முனகினார்.

“அதென்னம்மிணி, அத்தாச்சோட்டுக்கு?”

“தெனமும் போறவிங்களுக்குப் பெருசாத்தான் தெரியோணும்” என்றார் அம்மா. வாசலே அதிர்ந்தது.

கடைசியாக எங்கள் லைனை வரைந்தார்கள். ஓர் ஓரத்திலிருந்து கட்டம் கட்டமாக வந்தவர்கள், கடைசிக்கு முந்தைய அறை வந்ததும் கையைத் தூக்கி, ஓர் அறை அளவு மண்ணைத் தாண்டி, அடுத்ததைப் போட்டார்கள். பல்லாங்குழியில் ஒரு குழியைத் தாண்டுவதுபோல அவ்வளவு சாதாரணமாக.

அந்த அறையின் வாசலில் சுமித்ரா நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒடிசாக்காரி. இடுப்பில் குழந்தை. கணவன் சாயப்பட்டறையில் வேலை. அவள் குடத்துக்கு வரிசையில் இடம் கிடையாது. எல்லோரும் பிடித்து முடித்தபின் தண்ணீர் மிச்சமிருந்தால் பிடித்துக்கொள்ளலாம். பல நாள் மிச்சமிருக்காது. கைக்குழந்தையோடு சாலையைத் தாண்டி ஒரு கம்பெனி வாட்ச்மேனிடம் கெஞ்சி இரண்டு குடம் கொண்டுவருவாள். வெளியூர்க்காரி என்பதால்தான் இப்படி என்று அதுவரை நினைத்திருந்தேன்.

“இந்த எடத்துல என்னங்க்கா இருக்குது?” என்று காலியாகக் கிடந்த மண்ணைக் காட்டிக் கேட்டேன்.

ஒருத்தி புடவையில் கையைத் துடைத்துக்கொண்டாள். அம்மாதான் மெதுவாகச் சொன்னார்: “அது ஜோதி இருந்த ரூமு கண்ணு. அங்க பொடி போடக்கூடாது.”

ஜோதி தேனிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவள். சிரித்தால் தோளால் இடிப்பாள். நான் கல்லூரி விடுதியில் இருந்தபோது காய்ச்சலில் இறந்துபோனாள். ஊரிலிருந்து அவள் அண்ணன் வந்து, வண்டி வைத்து எடுத்துப்போய்விட்டான். எழவு விழுந்த வீட்டு வாசலில் கோலம் போட மாட்டார்கள். சொந்தக்காரர்கள் காரியம் செய்து துக்கத்தை முடித்த பிறகுதான் மறுபடி கோலம். ஜோதியின் துக்கத்தை இங்கே முடித்துவைக்க யாருமில்லை. அதனால் அது முடியவே இல்லை. சுமித்ரா குடிவந்த பிறகும் அங்கேயே இருந்தது; அந்த அறைக் குடத்துக்கு வரிசையில் இடமில்லாமல் போனதும் அதனால்தான். நான் சாக்பீஸ் வாங்கியிருந்தால் அந்த அறையையும் ஒரு கட்டமாகப் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். எனக்கு எதுவும் தெரியாமலே போயிருக்கும்.

“பேய் நடமாடுது, கதவு தட்டற சத்தம் கேக்குது” என்றாள் ஒருத்தி.

“பேயெல்லாம் ஒண்ணுமில்ல” என்றார் மணியக்கா. அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை. “செத்த அன்னிக்கு நெசமாவே ஜோதி தட்டினா. காலங்காத்தால. நானு நைட்டு ஷிப்டு முடிச்சு அப்பத்தான் படுத்தேன். பேரு சொல்லிக் கூப்புட்டா எந்திரிக்கலாம்னுதான் இருந்தேன். கண்ணு அசந்துபோச்சு.” சுற்றி நின்றவர்களைப் பார்த்து, “எல்லாருக்குந்தான் கேட்டுது” என்றார்.

அதை யாரும் மறுக்கவில்லை. பக்கத்துத் தாளிப்பே கேட்கும் சுவர்கள் அவை.

மணியக்கா எழுந்து, பொடியை அள்ளி, விட்டுப்போன இடத்தில் கட்டம் போட்டார். கோடு கோணலாக விழுந்தது. “இது ஜோதி ஊடு” என்றார்.

எல்லோரும் தலையாட்டினார்கள். யாரோ மூக்கைச் சிந்தினார்கள். வரைபடம் முடிந்துவிட்டது என்றே நினைத்தார்கள். செத்தவள் வந்துவிட்டாள்; பக்கத்தில் மூச்சோடு நிற்பவள் இன்னும் வரவில்லை.

“இப்ப அங்க யாருங்க்கா இருக்கறாங்க?” என்றேன்.

மணியக்கா நிமிர்ந்து சுமித்ராவைப் பார்த்தார். ஒரு வருடமாகக் கூப்பிடு தூரத்தில் இருந்தவளை அன்றுதான் பார்ப்பதுபோலப் பார்த்தார். “உம் பேரென்ன சாமி?”

“சுமித்ரா. பாப்பா லட்சுமி.”

“லட்சுமியா!” என்றது வாசல். அதுவும் அதுவரை யாருக்கும் தெரியாது.

மறுநாள் குழாயடியில் மணியக்கா தன் குடத்தைப் பின்னால் நகர்த்திவிட்டு, அந்த இடத்தில் சுமித்ராவின் குடத்தை வைத்தார். ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இன்னொருத்தி, மணியக்காவுக்கு வயசாகிவிட்டது என்றாள். ஆனால் குடம் அங்கேயே நின்றது.

வரைபடத்தை ஞாயிற்றுக்கிழமை ராத்திரியே மழை கொண்டுபோயிருந்தது. பிறகு ஆர்டர் குறைந்தது, லைன் வீட்டுக்காரர் இடத்தை விற்றார், ஆளுக்கொரு திசையாகப் போனோம். மணியக்கா காங்கேயம் பக்கம் மகள் வீட்டில் இருக்கிறார். குழாயைப் பிடுங்கிவிட்டார்கள். குடத்துக்கு இடம் கிடைத்த சுமித்ராவும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒடிசாவுக்கே போனாள். அவள் கொடுத்த எண் இப்போது உபயோகத்தில் இல்லை. வெளியூரிலிருந்து வந்தவர்களை எண்ண இங்கே எல்லோரும் இருக்கிறார்கள். திரும்பிப் போனவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்க ஆளில்லை. கிடங்கின் தகரக் கதவுக்கு முன்னால் நின்றபோது உள்ளே யாரோ தட்டுவதுபோல இருந்தது. காற்றுதான்.

என் முனைவர் பட்ட ஆய்வுக்கு, அப்படித் திரும்பிப் போனவர்களையே தலைப்பாகக் கொடுத்தேன், ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். இதை ரயிலில் எழுதுகிறேன். எங்கள் ஊருக்கு அடுத்த ஊத்துக்குளி தாண்டிவிட்டது. உங்கள் ஊர் எங்கே என்று லைனில் ஒருமுறை நான் கேட்டபோது சுமித்ரா ஒரு ஸ்டேஷன் பெயரைச் சொல்லி, அங்கிருந்து நடக்க வேண்டும் என்றாள். அந்த ஸ்டேஷன் வரைக்கும் டிக்கெட் எடுத்திருக்கிறேன்.