புளி போட்டுத் தேய்த்த பிரெஞ்சுச் சிலை

குழந்தைகளே, பிஜித் தீவின் லவுத்தோக்கா ஊரில் நான் தோட்ட வேலை செய்யும் வீட்டில் வயதான பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் இருக்கிறார். அவர் தம் தாயின் வெண்கல மான் சிலையைக் கொடுத்து, "எங்க ஊர்ச் சிற்பி ஒருத்தர் செஞ்சதுன்னு அம்மா சொல்லுவாங்க. அவர் கையெழுத்து இருந்தா நிச்சயமாத் தெரியும். எனக்குக் கண்ணு மங்கல், நீ தேடு" என்றார்.

சிலை கறுத்திருந்ததால் என் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் புளியும் மணலும் போட்டுத் தேய்த்தேன்.

"என்னாய்யா, இது சொம்பா? பேரைத் தேடச் சொன்னாரா, அழிக்கச் சொன்னாரா?" என்று என் மனைவி கத்தினாள்.

பயந்துபோய் நிறுத்தினேன். துணியால் துடைத்தபோது அடியில் அச்சுக் குத்திய பெயர் ஒன்றும், குளம்பின் பின்னால் மயிரிழையாகக் கீறிய பெயர் ஒன்றும் தெரிந்தன. திரும்பக் கொண்டுபோய்க் காட்டியதும் பாதிரியார் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"அச்சுல இருக்கறது வார்ப்புப் பட்டறை பேரு. கையால கீறினதுதான் செஞ்சவர் பேரு. அம்மா சொன்ன அதே ஆளு!"

மணல் பட்ட இடம் அந்தக் கீறலுக்கு ஒரு விரல் தள்ளித்தான் இருந்தது. இப்போதெல்லாம் பழைய பொருள் எதையும் உடையவரைக் கேட்காமல் நான் தேய்ப்பதில்லை.