அரிவாளுக்கு எண்ணெய் தடவ அனுமதி

ஓய்வு பெற்று இத்தனை வருஷம் ஆகியும், ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் எனக்கு அந்தச் சாக்குதான் ஞாபகம் வருகிறது. நான் குமாஸ்தாவாக இருந்த சிறிய நீதிமன்றத்தில் சான்றுப் பொருள் அறையின் சாவி என்னிடம் இருந்தது. அறை என்று பெயர்தான். மழைக்காலத்தில் உள்ளேயும் குடை பிடிக்க வேண்டும். அங்கே ஒரு சாக்கில் இருபது கருக்கரிவாள்கள் கிடந்தன. நெல் அறுக்கும் பல் வைத்த அரிவாள்கள், ஒவ்வொன்றின் பிடியிலும் சீட்டு கட்டியிருக்கும்.

குத்தகைதாரர் பெயரைப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லி கழக அரசாங்கம் உத்தரவிட்டு, மிராசுதார்கள் முகம் கடுகடுத்திருந்த காலம் அது. குத்தாலம் பக்கத்தில் அப்படிப் பெயர் பதிந்த ஒரு அம்மாள், தான் நட்ட சம்பாவை அறுக்க ஆட்களோடு இறங்கினார். மிராசுதார் பக்கத்து ஊர் ஆட்களைக் கூட்டிவந்து அதே வயலில் இறக்கினார். கைகலப்பு ஆயிற்று. போலீஸ் எல்லா அரிவாள்களையும் அள்ளிக்கொண்டு இரு தரப்பின் மேலும் வழக்குப் போட்டது. மிராசுதாரின் நிலபுலன்களைக் கவனித்த காரியக்காரரை அந்த அம்மாள் வெட்டினார் என்பது முக்கியக் குற்றச்சாட்டு. நிரூபணமானால் அவருக்கு ஜெயில். நிலமும் கைவிட்டுப் போகும்.

மழைக்காலத்தில் ஒரு வாய்தாவுக்கு வந்த அந்த அம்மாள், கதவிடுக்கில் சாக்கைப் பார்த்துவிட்டார். மறு வாய்தாவுக்கு விளக்கெண்ணெய் சீசாவோடு வந்தார். "ஐயா, துரு ஏறுதுங்க. எண்ணெய் தடவிக் குடுத்துடறேங்க."

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. சட்டத்தைக் கரைத்துக் குடித்தவன்போல, சான்றுப் பொருளைத் தொட்டாலே குற்றம் என்று விரட்டினேன். அவர் நகரவில்லை. "புடிச்சப்ப பளபளன்னு இருந்துச்சுங்க. இந்தச் செவப்பக் காட்டி நாளைக்கு ரத்தம்னு சொன்னா நான் எங்கங்க போவேன்?"

அவர் போன பிறகு, கைப்பற்றியபோது எழுதிய மகஜரைப் புரட்டினேன். இருபதிலும் கறை இல்லை என்றுதான் இருந்தது. அத்தனை வருஷ சர்வீஸில் எனக்குத் தோன்றாதது அவருக்குத் தோன்றியிருக்கிறதே என்று வெட்கப்பட்டேன். நீதிபதியிடம் குறிப்பு வைத்தேன். அடுத்த வாய்தாவில் அவர் இரு தரப்பு வக்கீல்களையும் கூப்பிட்டு, ஒவ்வொரு அரிவாளையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, மழையில் ஏறிய துருவைத் தவிர வேறு கறை இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்ட பிறகே எண்ணெய்க்கு அனுமதி கொடுத்தார்.

அந்த அம்மாள் வராந்தாவில் உட்கார்ந்தார். தேங்காய் நாரால் துருவைத் தேய்த்து, ஈரம் போகத் துணியால் துடைத்து, பல்லுக்குப் பல் எண்ணெய் தடவினார். தம் ஆட்களின் பன்னிரண்டோடு நிறுத்துவார் என்று பார்த்தேன். மற்ற எட்டையும் இழுத்துக்கொண்டார்.

"அது எதிராளுங்களோடதும்மா" என்றேன்.

"அவங்களுக்கும் அறுப்பு இருக்குல்லங்க" என்றார் தலை நிமிராமல்.

விசாரணையில் காரியக்காரர் ரத்தம் கொட்டியதாகச் சொன்னார். காட்டுவதற்குக் கறை இல்லை. மார்கழியில் இரு தரப்பும் விடுதலை. நிலம் அந்த அம்மாளின் குத்தகையிலேயே நின்றது.

அரிவாள்களைத் திருப்பிக் கொடுத்தேன். பக்கத்து ஊர் ஆள் ஒருவர் தன்னுடையதை வாங்கி, கருக்கை விரலால் தடவிப் பார்த்தார். "யாருங்க இத பாத்துக்கிட்டது?" நான் அந்த அம்மாளைக் காட்டினேன். அரிவாளைத் துண்டில் சுற்றிக்கொண்டு அந்த அம்மாளிடம் போனார்.

"உங்க வயல்ல அறுப்பு எப்பங்க?"

"பொங்கல் கழிச்சு. வந்துடுங்க."