விழித்திருக்கும் கோர்

அம்மா பாத்ரூமில் வழுக்கி இடுப்பெலும்பை உடைத்துக்கொண்ட வருடம், பெங்களூர் கம்பெனி வேலையை லேப்டாப்போடு விருத்தாசலத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன். பக்கத்தில் பீங்கான் ஃபியூஸ் செய்கிற பட்டறை. அந்தத் தூசி ஜன்னல் வழியாக வந்து கீபோர்டில் படியும். துடைப்பேன், மறுபடி படியும்.

என் வேலை கர்னலில். கம்ப்யூட்டருக்குள் எல்லா வேலையையும் பிரித்துக் கொடுக்கிற மேஸ்திரி அது. புராசசரில் கோர் என்று நான்கு வேலைக்காரர்கள். எந்த வேலையை எந்தக் கோருக்குக் கொடுத்தால் மின்சாரம் மிச்சமாகும் என்று பார்க்கும் பகுதியை எழுதிக்கொண்டிருந்தேன். தூங்குகிற கோரை எழுப்புவதற்கே ஒரு செலவு உண்டு. ஆகவே சில்லறை வேலைகளை ஏற்கனவே விழித்திருக்கும் கோரின் தலையில் கட்டு, மற்றவை தூங்கட்டும். இதுதான் விதி. எனக்குப் பிடித்த விதியும்கூட.

மாதக் கடைசிக்குள் ஆபீசுக்கு வராவிட்டால் வேலை இல்லை என்று மேனேஜர் சொல்லிவிட்டார். புனேயில் இருக்கும் தம்பிக்குப் போன் செய்து, ஒரு மாதம் வந்து இருடா, அதற்குள் அம்மா வாக்கரைப் பிடித்து நடந்துவிடுவாள் என்றேன். அவன் பொறுமையாகவே கணக்குச் சொன்னான். லீவு, டிக்கெட், பையனின் பரீட்சை.

"நான் கெளம்பி வரணும்னா இங்க எல்லாத்தையும் கலைக்கணும்க்கா. நீ எப்படியும் அங்கதான இருக்க."

கணக்கில் தப்பில்லை. கட்டிலில் படுத்திருந்த அம்மாவும், "அவன எதுக்கு அலைய வுடுற, நீதான் இருக்கியே" என்றாள்.

கோபம் வரவேண்டிய இடம். வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட உதட்டைக் கடித்துப் பார்ப்பதுபோல இருந்தது. அம்மாவைப் புரட்டிப் படுக்கவைத்து முதுகைத் துடைத்துவிட்டேன்.

அந்த வாரம், நான் எழுதிய புரோகிராமைச் சரிபார்த்த சக ஊழியர் ஒரு கேள்வி கேட்டிருந்தார். ஒரே கோரில் ஏற்றிக்கொண்டே போனால் எதுவரை ஏற்றுவது? நியாயமான கேள்வி. சுமை ஒரு அளவைத் தாண்டினால், என்ன செலவானாலும் இன்னொரு கோரை எழுப்பு என்று ஒரு வரம்பு எழுதி, கரண்ட் போவதற்குள் அனுப்பினேன். அதுதான் நான் கடைசியாக எழுதிய புரோகிராம். மறுநாள் ராஜினாமா மெயில் போட்டேன்.

தம்பியிடம் சொன்னபோது, "அடடா" என்றான். வருத்தப்படுகிறான் என்று நினைத்தேன். பிறகு தயங்கித் தயங்கி ஆரம்பித்தான். பெண்ணாடத்தில் இருக்கும் அவன் மாமியாருக்கு விருத்தாசலத்தில் கண் ஆபரேஷனாம். ஒரு வாரம் நம் வீட்டில் தங்கட்டும், நேரத்துக்குச் சொட்டு மருந்து விட்டால் போதும் என்றான்.

"இனிமே நீ ஃப்ரீதானக்கா."

எந்தப் பஸ்ஸில் வருகிறார்கள் என்று கேட்டேன்.